சேவாகிராம் பாபு குடில்: நாற்பது நிமிடத்தில் பார்த்துவிட்டு வராதீர்கள்

காந்தியின் ஆசிரமம் இருக்கும் சேவாகிராமுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரே வாரத்தில் மத்திய இந்தியா முழுக்கக் காட்டுகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போன ஒரு சுற்றுலாப் பேருந்து, இங்கே நாற்பது நிமிடம் நிறுத்தியது. அதில் பத்து நிமிடம் டீக்கும் கழிப்பறைக்கும் போனது. மிச்ச நேரத்தில் காந்தி உட்கார்ந்த இடத்தைப் பார்த்தோம், மரத்தடியில் நின்று போட்டோ எடுத்தோம், வழிகாட்டி விசில் ஊதினார், ஏறிவிட்டோம். ஊருக்கு வந்து எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் "ஒரு குடிசை, ஒரு மெத்தை, ஒரு ராட்டை" என்றேன். பொய் இல்லை, ஆனால் ஒரு வீட்டைப் பற்றி இவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது என்றால் அங்கே போகாமலே இருந்திருக்கலாம்.

இந்த ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். ஒரு ராத்திரி தங்கினோம். இந்த விமர்சனம் அந்தப் பயணத்தைப் பற்றியது.

முதலில் போகும் வழி. மகாராஷ்டிராவில் வார்தா பக்கத்தில் இருக்கிறது, நாக்பூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போனால் சேவாகிராம் என்ற நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். பழைய பெயர் வார்தா கிழக்கு. இதைத் தவிர வார்தா என்றே இன்னொரு நிலையம் இருக்கிறது, மும்பை போகும் பாதையில். டிக்கெட் போடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், குழப்பினாலும் பெரிய நஷ்டம் இல்லை, எங்கே இறங்கினாலும் ஆட்டோ கிடைக்கும். நிலையத்துக்குப் பக்கத்தில்தான் ஆசிரமம் இருக்கும் என்று நினைத்துப் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடாதீர்கள், சில கிலோமீட்டர் போக வேண்டும். மே மாதத்தில் போகவே போகாதீர்கள். மகாராஷ்டிராவின் இந்தக் கிழக்குப் பகுதியான விதர்பாவின் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், நம் ஊர் கத்திரி அதற்கு முன்னால் குழந்தை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இதுல எது அவர் வீடு?" நல்ல கேள்விதான். ஒரு வீட்டைப் பார்க்க வருகிறோம், இங்கே ஏழெட்டு நிற்கின்றன. எல்லாம் மண்சுவர், மூங்கில், மேலே நாட்டு ஓடு, தாழ்ந்த தாழ்வாரம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். இவற்றின் கதை தெரியாமல் போனால் என்னைப் போல நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1930-ல் தண்டிக்குக் கிளம்பியபோது, சுதந்திரம் கிடைக்கும்வரை சபர்மதி ஆசிரமத்துக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் காந்தி. அதன்பின் வார்தா தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் அழைத்ததால் வார்தாவுக்கு வந்தார். அங்கிருந்து 1936 ஏப்ரல் 30-ல் சேகாவ் என்ற இந்தக் கிராமத்துக்கு. வயது 67 நடக்கிறது. தனியாக ஒரு கிராமத்தில் போய் இருக்க வேண்டும், கூட யாரும் வேண்டாம், கஸ்தூரிபாகூட வேண்டாம் என்பதுதான் அவர் போட்ட திட்டம். வீட்டுக்கும் நிபந்தனைகள்: சுற்றுவட்டாரத்தில் கிடைக்கிற பொருள், உள்ளூர் ஆள், செலவு 100 ரூபாய்க்குள். அப்படி வந்ததுதான் ஆதி நிவாஸ், முதல் வீடு. தனியாக இருக்கும் திட்டம் என்ன ஆனது என்பதை அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தால் புரியும். தடுப்பில்லாத ஒரே கூடம், அதில் அவர், கஸ்தூரிபா, உடன் இருந்தவர்கள், வருகிற விருந்தாளிகள் எல்லாரும் மூலைக்கு ஒருவராக. கல்யாண வீட்டு மாடியில் ராத்திரி பாய் விரித்துப் படுத்த மாதிரி இருந்திருக்கும்.

எல்லாரும் தேடி வருகிற பாபு குடில், பாபு என்று அழைக்கப்பட்ட காந்திக்காகக் கட்டியதே இல்லை. அவருடைய சீடர் மீராபென் தனக்காகக் கட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஒருவரின் மகள், மேடலின் ஸ்லேட் என்ற பெயரோடு பிறந்தவர், இங்கே வந்து மண் குழைத்திருக்கிறார். உள்சுவரில் மண்ணாலேயே புடைப்பாகப் பனைமரமும் ராட்டையும் செய்து வைத்திருக்கிறார். சுவர் பூசும்போதே விரலால் இழுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. முதல் தடவை நான் இதைக் கவனிக்கவே இல்லை. இந்தத் தடவை நான் அதிக நேரம் நின்றது அதற்கு முன்னால்தான்.

காந்தி உட்கார்ந்த இடம் தரையில்தான். மெத்தை, சாய்ந்துகொள்ள ஒரு பலகை, குட்டை மேசை, ராட்டை. பக்கத்தில் அவருடைய சில சாமான்கள். மூக்குக்கண்ணாடியைத் தேடாதீர்கள், இங்கே இருந்த ஒன்று திருடுபோய்விட்டதாக 2011-ல் பெரிய செய்தியாக வந்தது. சொத்தே இல்லாதவரிடம் திருட அது ஒன்றுதான் இருந்தது போலிருக்கிறது.

அந்த அறையைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது குளியலறை. சிரிக்காதீர்கள். வீடே சின்னது, அதில் குளிக்கவும் கழிக்கவும் ஒதுக்கியிருக்கும் இடம் நல்ல தாராளம். தொட்டி இருக்கிறது, உட்கார்ந்து போகிற கழிப்பறை இருக்கிறது, எண்ணெய் தேய்த்துவிடுவதற்கு மேசை இருக்கிறது. எதில் சிக்கனம் வேண்டும், எதில் கூடாது என்று அவர் கணக்குப் போட்டது அந்த அறையில் தெளிவாகத் தெரிகிறது. எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலிக்காரியான அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பரவாயில்லையே, வயசானவங்க புழங்குற மாதிரி வச்சிருக்காங்க." கிராமத்து வீடுகளில் கழிப்பறை என்ற பேச்சே இல்லாத 1930-களில் கட்டியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தத் தாழ்ந்த கூரை. உள்ளே நுழையும்போது என் உயரத்துக்குக் குனிய வேண்டியிருந்தது, அம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை. வெளியே பதினொரு மணி வெயில் ஜனவரியிலும் சுள்ளென்றுதான் இருந்தது, உள்ளே அடுத்த அடியிலேயே குளுமை. மண்சுவர், தாழ்வாரம், வெளிச்சத்துக்கு மூங்கில் தட்டி. மின்விசிறி இல்லாத காலத்தில் விதர்பாவில் உயிரோடிருக்க இதுதான் வழி.

பக்கத்தில் அலுவலகமாக இருந்த குடிலைத் தவறவிடாதீர்கள். அதில் இரண்டு சாமான்கள். ஒன்று பாம்பு பிடிக்கிற நீளமான மரக் கிடுக்கியும், பிடித்த பாம்பை அடைத்து வைக்கிற கூண்டும். இந்தப் பகுதியில் பாம்பும் தேளும் சர்வசாதாரணம், அடிக்கக் கூடாது என்பதால் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவார்கள். இன்னொன்று டெலிபோன். வைஸ்ராய் லின்லித்கோ அவசரத்துக்குப் பேச வேண்டும் என்பதற்காக அரசாங்கமே போட்டுக்கொடுத்தது. தபால்கூட வேறு ஊருக்குத் தவறிப்போகிற கிராமம் இது. சேகாவ் என்ற பழைய பெயர் ஷேகாவ் என்ற இன்னொரு ஊரோடு குழம்பித்தான், 1940-ல் பெயரையே சேவாகிராம் என்று மாற்றினார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு டெல்லியிலிருந்து நேராக ஒரு கம்பி. பாம்புக் கூண்டும் வைஸ்ராய் போனும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதை என் மகனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று நினைத்து, அம்மா முறைத்ததால் விட்டுவிட்டேன்.

இனி பா குடில். கஸ்தூரிபாவின் வீடு. ஆதி நிவாஸில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் எப்படி இருப்பார் என்று யோசித்து, ஜம்னாலால் பஜாஜ்தான் இதைத் தனியாகக் கட்டிக்கொடுத்தார். சின்ன வீடு. கூட்டம் இங்கே அதிகம் நிற்பதில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. "கதவைச் சாத்திக்கிற மாதிரி ஒரு ரூம், அதுவும் வேறொருத்தர் பார்த்து கட்டிக்குடுக்க வேண்டியிருந்திருக்கு" என்றார். அப்பா இருந்தவரை கூட்டுக்குடும்பத்தில் அம்மாவுக்கு அப்படி ஒரு அறை இருந்ததில்லை. நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து மகாதேவ் குடில், காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் இருந்தது. இந்த மூன்று வீடுகளையும், அதாவது பாபு, பா, மகாதேவ், ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பார்ப்பது முக்கியம். காரணம் இது. 1942 ஜூலை 14-ல் வார்தாவில் கூடிய காங்கிரஸ் செயற்குழுதான் வெள்ளையர் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தைப் போட்டது. அதன்பின் மூன்று பேரும் பம்பாய் போனார்கள், ஆகஸ்ட் 9-ல் கைதானார்கள், புனேயில் ஆகாகான் மாளிகைக்குள் அடைபட்டார்கள். மகாதேவ் ஆறே நாளில், ஆகஸ்ட் 15-ல், உள்ளேயே இறந்தார். கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22-ல் உள்ளேயே இறந்தார். 1944 மே மாதம் விடுதலையான காந்தி பிற்பாடு இங்கே திரும்பி வந்தபோது, வீடுகள் மூன்றும் இப்போது நிற்கிற மாதிரியேதான் நின்றிருக்கும். கூப்பிடு தூரத்தில். என் கால்கணக்கில் பாபு குடிலிலிருந்து பா குடிலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கடைசியாகத் தங்கிய வீட்டின் பெயரே ஆக்ரி நிவாஸ், கடைசி வீடு. அதையும் அவருக்காகக் கட்டவில்லை, ஜம்னாலால் தனக்காகக் கட்டியது, அவரும் 1942 பிப்ரவரியில் போய்விட்டார். இங்கிருந்துதான் 1946 ஆகஸ்ட் 25-ல் டெல்லிக்குக் கிளம்பினார் காந்தி. திரும்பவில்லை.

பர்சுரே குடில் என்று ஒன்று இருக்கிறது. பர்சுரே சாஸ்திரி சம்ஸ்கிருத பண்டிதர், தொழுநோயாளி. ஊரே ஒதுக்கிவைத்த நோய். அவரை ஆசிரமத்துக்குள்ளேயே வைத்துக் காந்தி தன் கையால் உடம்பு பிடித்துவிட்டிருக்கிறார். பாபு குடிலில் அரைமணி நேரம் நின்றவர்கள் இங்கே ஐந்து நிமிடமாவது நிற்கலாம்.

நம் ஆட்கள் யாராவது இங்கே இருந்தார்களா என்று அம்மா கேட்டார். இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். இங்கே கைத்தொழில் வழியாகப் படிப்பு சொல்லித்தரும் ஆதாரக் கல்விப் பள்ளியை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஆரியநாயகம், அதற்கு முன் தாகூரிடம் செயலாளராக இருந்தவர். அவரும் மனைவி ஆஷா தேவியும்தான் அந்தப் பள்ளிக்கு எல்லாமே. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தா ஊருக்குள் மகன்வாடியில் கிராமத் தொழில்களுக்கான சங்கத்தை நடத்தினார். அங்கே 1938-ல் காந்தி திறந்துவைத்த அருங்காட்சியகம் இருக்கிறது, மகன்லால் காந்தியின் பெயரில் மகன் சங்கிரகாலயம். நேரம் ஒதுக்கிப் பாருங்கள். எண்ணெய்ச் செக்கையும் ராட்டை வகைகளையும் பார்க்கப் பிடிக்கும் என்றால் மட்டும்.

மாலையில் பிரார்த்தனை, திறந்த வெளியில், மைதானத்துத் தரையில். காந்தி 1936-ல் நட்ட அரசமரம் பக்கத்தில் இப்போது பெரிதாக நிற்கிறது, கஸ்தூரிபா நட்ட மகிழமரமும் இருக்கிறது. பிரார்த்தனை ஜப்பானிய பௌத்த மந்திரத்தில் ஆரம்பிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இங்கே தங்கியிருந்த ஒரு ஜப்பானியத் துறவியிடமிருந்து வந்தது அது. அப்புறம் எல்லா மதங்களிலிருந்தும். மைக் கிடையாது. நாங்கள் போன அன்று வந்தவர்கள் இருபது பேர்கூட இருக்க மாட்டோம். தரையில் உட்கார முடியாதவர்கள் ஏதாவது ஏற்பாட்டோடு போங்கள், அம்மா அரசமரத்துப் பக்கம் நின்றுகொண்டே முடித்தார்.

தங்குவதற்கு ஆசிரமத்துக்கு எதிரே யாத்ரி நிவாஸ் இருக்கிறது. எளிய அறைகள்தான், முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் பேசி வைக்காததால் வார்தாவில் ஒரு லாட்ஜில் தங்கினோம், அங்கே வெந்நீர் வரும் என்றார்கள், விடியற்காலை ஆறு மணிக்கு வந்தது பச்சைத்தண்ணீர். ஆசிரம வளாகத்திலேயே எளிய சைவச் சாப்பாடு கிடைக்கிறது, காரம் எதிர்பார்க்காதீர்கள். வார்தா மாவட்டம் முழுக்க மதுவிலக்கு, கூட வருகிற மச்சான்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

யாருக்குப் பிடிக்காது என்றும் சொல்ல வேண்டும். ஒலி ஒளி, பொம்மை, திரை என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போய்ச் சும்மா நிற்கிற இடம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் என்றால் பாம்புக் கூண்டில் ஆரம்பியுங்கள், அது ஒன்றுதான் அவர்களைப் பிடித்து வைக்கும். நேரமிருந்தால் தாம் நதிக்கரையில் காந்தியின் சீடர் வினோபாவின் பவனார் ஆசிரமத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், எங்களுக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது என் உயரத்துக்காக: ஆதி நிவாஸ் தாழ்வாரத்தில் ஒன்று, பாபு குடில் நிலைப்படியில் இரண்டு என்று மூன்று தடவை இடித்துக்கொண்டேன். ரயிலில் நெற்றிக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி அம்மா கேட்டார், "அடுத்த தடவை பெரியம்மாவையும் கூட்டிட்டு வருவோமா, அவளுக்கு பா வீட்டைக் காட்டணும்."