ஜிவெர்னி மோனே தோட்டத்துக்குப் பாரிஸிலிருந்து பேருந்தில் போகிறவர்கள் கவனத்துக்கு

பாரிஸில் படிக்க வந்த நம் பிள்ளைகள் குளிர் விட்டதும் ஜிவெர்னிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஓவியர் கிளோத் மோனே 1883-இல் குடியேறி 1926-இல் சாகும்வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அவரே திட்டம் போட்டு வளர்த்த தோட்டம், அல்லிக்குளம், அதன்மேல் பச்சை வண்ணப் பாலம். எல்லாம் போஸ்டரில் பார்த்துப் பழகியவைதான். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கட்டாயம் போங்கள். ஆனால் ‘ஒரு நாள் முழுதும் ஜிவெர்னி’ என்று இணையத்தில் விற்கும் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

கூகுளில் தோட்டத்தின் பெயரைத் தட்டினால் மேலே விளம்பரமாக வரும் தளங்களில் ஒன்று அது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே நிறுவனம் நாலைந்து பெயர்களில் இருக்கிறது, ஒன்றைச் சொன்னால் இன்னொன்றில் மாட்டுவீர்கள். முகப்பில் பூவும் பாலமுமாகப் படங்கள். தோட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் சொந்தத் தளம் போலவே இருக்கும். 98 யூரோ. அதற்குள் போக்குவரத்து, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, வரிசையில் நிற்காமல் நுழைவு, வீட்டுக்குள் மோனேயின் அசல் ஓவியங்கள், குளம் நிறைய அல்லி. மாணவர் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டால் 3 யூரோ தள்ளுபடி. நான் பதிவு செய்தது ஏப்ரல் கடைசி வாரத்துக்கு.

காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து எட்டே முக்காலுக்கு வந்தது. வந்த பிறகும் ஊருக்குள்ளேயே சுற்றி, ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றினார்கள். ஒருவழியாக நெடுஞ்சாலை பிடித்ததும் பாத்ரூம் போக என்று ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். இறங்கிப் பார்த்தால் ஆப்பிள் சைடரும் சீஸும் விற்கிற கடை. ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, வாங்குகிறவர்கள் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை பேருந்து நகரவில்லை. ஓட்டுநருக்கு மட்டும் உள்ளே தனியாகக் காபி வந்தது. கமிஷன் கடை எந்த ஊரிலும் கமிஷன் கடைதான், நமக்குத் தெரியாததா!

ஜிவெர்னியில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. வழிகாட்டி எங்கே என்று கேட்டால் அந்த ஓட்டுநரே கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அட்டையில் ஒரு கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்து போனில் கேட்டுக்கொள்ள வேண்டுமாம், அதுதான் வழிகாட்டி. அப்புறம் எங்களை நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, டிக்கெட் கவுண்டர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். வரிசையில் நிற்க வேண்டாம் என்றால் எங்கள் சார்பில் அவர் நிற்பார் என்று அர்த்தம் போல.

அவர் கொண்டுவந்து கொடுத்த டிக்கெட்டை நான் உடனே உள்ளே வைக்காமல் ஒருமுறை படித்தேன். பெரியவர் கட்டணம் என்று இருந்தது. மாணவர் அட்டை கழுத்திலேயே தொங்குகிறது, அங்கே மாணவர்களுக்குக் கட்டணம் ஏறக்குறைய பாதிதான். கீழே சின்ன எழுத்தில் விற்ற நேரம்: அதே நாள், 12.58. முன்பதிவு செய்ததாக எங்களிடம் பணம் வாங்கிய டிக்கெட், ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கவுண்டரில் வாங்கியது. அந்தத் துண்டுக் காகிதத்தைப் பத்திரமாக வைத்தேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

இரண்டே காலுக்குப் பேருந்து கிளம்பும், வராதவர்களுக்குக் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ‘ஒரு நாள் முழுதும்’ என்பது ஒன்றேகால் மணி நேரம். வீட்டு வாசலில் அதற்கே தனி வரிசை, அதில் நின்றால் குளம் போய்விடும். மஞ்சள் வண்ணச் சாப்பாட்டு அறை, நீல ஓடு பதித்த சமையலறை, மோனே சேர்த்த ஜப்பானிய அச்சு ஓவியங்கள் என எதையும் பார்க்காமல் குளத்துக்கு ஓடினேன். வீட்டுத் தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே சாலை போகிறது, அடியில் உள்ள சுரங்கப்பாதை வழியாகத்தான் கடக்க வேண்டும். 1893-இல் மோனே இந்த நிலத்தை வாங்கி, பக்கத்து ஓடையைத் திருப்பி நீர் கொண்டுவந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பெயர் தெரியாத செடிகளைப் போட்டு எங்கள் தண்ணீரைக் கெடுக்கப் போகிறார் என்று பயம். அந்தக் குளத்தில் அன்றைக்கு ஒரு அல்லிப் பூ இல்லை. இலைகூட அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான்.

இயற்கையைக் குறை சொல்லவில்லை. ஏப்ரலில் துலிப் பூக்கள் பாத்தி பாத்தியாக நிற்கும், அதுவே கண்கொள்ளாக் காட்சி. பாலத்தின்மேல் விஸ்டீரியா மே மாதம் தொங்கும், ரோஜா ஜூனில். அல்லிக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று கோடை முழுக்க நேரம் இருக்கிறது. இது தோட்டத்தைப் பற்றித் தெரிந்த எவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே ஆகஸ்ட் படத்தைப் போட்டு ஏப்ரலை விற்கிறார்கள்.

அசல் ஓவியங்கள் சமாச்சாரம் இன்னும் அப்பட்டம். வீட்டிலும் மோனே உட்கார்ந்து ஓவியம் தீட்டிய கூடத்திலும் சுவரில் மாட்டியிருக்கும் மோனே ஓவியங்கள் எல்லாம் பிரதிகள். அசல் அல்லிக்குளத்தைப் பார்க்க ஜிவெர்னி வரை போகவே வேண்டாம், பாரிஸ் நடுவில் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு நீள்வட்ட அறைகள், சுவர் முழுக்க எட்டு பெரிய ஓவியங்கள், 1927-இல் திறந்தது. மோனே பெயரிலேயே உள்ள மார்மொத்தான் அருங்காட்சியகத்திலும் நிறைய உண்டு.

திரும்பி வந்து மின்னஞ்சல் அனுப்பினேன். ‘பூக்கள் பருவநிலையைப் பொறுத்தவை’ என்று இரண்டு வரி பதில், கூடவே வெர்சாய் சுற்றுலாவுக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன்! நான் பூவைப் பற்றி மட்டுமா கேட்டேன்? இந்த முறை டிக்கெட் படத்தையும் அவர்கள் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் வைத்து வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை, கேட்டேன். சொன்ன சேவை தரவில்லை என்பதற்கு அந்த 12.58 போதும் என்றார்கள். பாதிப் பணம் திரும்பியது, மீதிக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு அரசின் சிக்னல்கோன்சோ தளத்திலும் புகார் போட்டேன். அதனால் பணம் வராது, ஆனால் ஒரே கம்பெனிமேல் புகார் குவிந்தால் அதிகாரிகள் கண்ணில் படும்.

பணத்தைவிட எனக்கு எரிச்சல் அந்த ஒன்றேகால் மணி நேரம்தான். தனியாகப் போயிருந்தால் சாயங்காலம் வரை குளக்கரையில் உட்கார்ந்திருக்கலாம், ஆறு மணி வரை திறந்திருக்கிறது. வழியும் சிரமமில்லை. பாரிஸ் சேன்-லசார் நிலையத்தில் ரூவான் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வெர்னோன். நிலைய வாசலிலேயே ஜிவெர்னிக்கு ஷட்டில் பேருந்து நிற்கும், ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். சைக்கிள் வாடகைக்கு எடுத்து, பழைய ரயில் பாதையில் போட்டிருக்கும் தடத்தில் மிதித்துப் போகிறவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெர்னோன் நோர்மாந்தியைச் சேர்ந்தது, பாரிஸ் வட்டாரத்துக்கான நம் மாணவர் பயண பாஸ் அதுவரை செல்லாது, தனி டிக்கெட் எடுக்காவிட்டால் அபராதம். நுழைவு டிக்கெட்டை அறக்கட்டளையின் தளத்தில் நேராக எடுங்கள், மாணவர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ரயில், ஷட்டில், நுழைவு எல்லாம் சேர்த்தாலும் நான் கொடுத்ததில் பாதி அளவுதான் ஆகும்.

அசல் தளமா இடைத்தரகரா என்று சந்தேகம் வந்தால் சுலபமான சோதனை இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் தோட்டத்தை மூடினால் ஏப்ரலில்தான் திறப்பார்கள். அந்தத் தளத்தின் நாட்காட்டியில் ஜனவரியில் ஒரு தேதியை அழுத்திப் பாருங்கள். நான் பணம் கட்டிய தளத்தில் நேற்றும் பார்த்தேன், ஜனவரி 20-க்கு ‘சில இடங்களே மீதம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது.