அலுமினியத்திலிருந்து எஃகுக்கு: நான்கு ஆண்டுகளும் மூன்று கிலோ ஈயமும்

சிட்னியில் முக்குளிக்கத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் கடையில் வாடகைக்குக் கிடைத்த 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரையே பயன்படுத்தினேன். பிறகு சொந்தமாக 12.2 லிட்டர் எஃகுச் சிலிண்டர் ஒன்றை வாங்கி, நான்கு ஆண்டுகளாக அதையே முதுகில் சுமந்து வருகிறேன். சிலிண்டர் மாறியபோது, உடல் மிதந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும் ஈயத்தை எவ்வளவு குறைப்பது என்பதில் ஒரு முறையல்ல, மூன்று முறை தவறினேன்.

கரையில் இரண்டையும் தூக்கிப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. காற்றில்லாமல் எடை போட்டால் இரண்டுமே 15 கிலோவை ஒட்டித்தான் வரும். வேறுபாடு அவை நீரில் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அலுமினியம் எஃகைவிட வலுக் குறைந்தது என்பதால் அதன் சுவரைத் தடிமனாகச் செய்கிறார்கள். ஆகவே உள்ளே 11 லிட்டர் கொள்ளும் அலுமினியச் சிலிண்டர் வெளியே சுமார் 16.5 லிட்டர் நீரை விலக்குகிறது; 12.2 லிட்டர் கொள்ளும் எஃகுச் சிலிண்டரோ 14 லிட்டரைத்தான் விலக்குகிறது. எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் முன்னது மிதக்க முயல்வதற்கும் பின்னது மூழ்குவதற்கும் இந்த இரண்டரை லிட்டர்தான் காரணம்.

எனக்கு வாய்த்த இடம் மேன்லியை அடுத்த ஷெல்லி பீச். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். முக்குளிப்பின் பெரும்பகுதி 10 மீட்டரைத் தாண்டாது. நீல குரோப்பர் மீன் ஒன்று நாய்க்குட்டிபோலப் பின்னாலேயே வரும். ஆழம் குறைவு என்பதால் அது எளிய இடம் என்றே புதியவர்கள் எண்ணுவார்கள். மிதப்புக் கணக்கைப் பொறுத்தவரை அது கடினமான இடம். ஆழத்தில் நசுங்கி மெலிந்துவிடும் வெட்சூட் (குளிர் தாங்கும் நுரை ரப்பர் உடை), மூன்று நான்கு மீட்டரில் மறுபடியும் உப்பி மேலே இழுக்கத் தொடங்கும். சிலிண்டரில் காற்றுக் குறைந்து அதுவும் எடை இழந்திருக்கும் அதே கடைசிப் பத்து நிமிடங்களில்தான் இது நடக்கும்.

அலுமினியத்தோடு, குளிர்கால 7 மி.மீ. உடையில், எனக்கு 10 கிலோ ஈயம் தேவைப்பட்டது. எட்டு கிலோ இடுப்பு பெல்ட்டில். இரண்டு கிலோ சிலிண்டரை இறுக்கும் பட்டையில். முக்குளிப்பின் முடிவில் அலுமினியத்தின் அடிப்பாகம் பிட்டத்திலிருந்து விலகி மேலே எழும் என்பதால் அந்த இரண்டு கிலோவை அங்கே வைத்திருந்தேன்.

எஃகுச் சிலிண்டரை வாங்கிய முதல் வாரம் ஈயத்தில் கைவைக்காமலேயே இறங்கினேன். கல்லைப்போல் மூழ்கினேன் என்பதல்ல இதில் முக்கியம். அதிக எடையைச் சமாளிக்க, காற்றேற்றி மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. சட்டையில் மூன்று லிட்டருக்கும் மேல் கூடுதலாகக் காற்றேற்ற வேண்டியிருந்தது. அந்தக் காற்று ஒரு மீட்டர் ஏறினாலும் விரியும், இறங்கினாலும் சுருங்கும். எனவே முழு நேரமும் காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பொத்தானிலேயே விரல் இருந்தது. சட்டை மார்பைத் தூக்க, பெல்ட் இடுப்பை இழுக்க, ஏறக்குறைய நின்றபடியே நீந்தி, காலில் மாட்டிய துடுப்பால் மணலைக் கிளறிக்கொண்டே போனேன். காற்று அதிகம் கொள்ளும் சிலிண்டர் இருந்தும், பழைய 45 நிமிடங்களுக்கு மேல் தாங்கவில்லை.

இரண்டாவது தவறு படித்தவன் செய்யும் தவறு. தயாரிப்பாளர்களின் அட்டவணையைப் பார்த்து, நிரம்பிய நிலையில் நீருக்குள் அலுமினியம் 0.7 கிலோ எடையோடு மூழ்கும், எஃகு 4 கிலோவுக்குச் சற்று மேலான எடையோடு மூழ்கும், ஆக வித்தியாசம் மூன்றரை கிலோ என்று கணக்கிட்டு, அதையும் தாராளமாக முழு எண்ணாக்கி நான்கு கிலோவைக் கழற்றிவிட்டேன். முதல் அரை மணி நேரம் சுகமாகவே போனது. கரையை நெருங்கும்போது, மூன்று மீட்டரில், சிலிண்டரின் அழுத்தமானி 50 பாரை (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) காட்டிய வேளையில் கால்கள் மேலே போகத் தொடங்கின. சட்டையில் வெளியேற்றக் காற்றே இல்லை. கெல்ப் பாசியின் தண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் பாசியோடு சேர்ந்து ஆடியபடி, மேலேறும் முன் சில நிமிடங்கள் ஒரே ஆழத்தில் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தை முடித்தேன்.

நிரம்பிய சிலிண்டரை வைத்து ஈயத்தைக் கணக்கிடக் கூடாது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம் என்றால், 232 பாரில் நிரப்பிய என் சிலிண்டருக்குள் மூன்று கிலோவுக்கு மேல் காற்று மட்டுமே இருக்கிறது. மூச்சு விட விட அந்த எடை குமிழிகளாகப் போய்விடுகிறது. எஃகில் அலுமினியத்தைவிட அதிகக் காற்று அடங்குவதால் நிரம்பிய நிலையின் வித்தியாசம் மிகைப்பட்டுத் தெரியும். முக்குளிப்பு முடியும்போது எஞ்சியிருக்கும் 50 பாரில் இரண்டையும் ஒப்பிடுவதே சரி.

அட்டவணைகளில் சில வால்வைச் சேர்த்தும் சில சேர்க்காமலும், சில கடல்நீருக்கும் சில நன்னீருக்கும் எழுதப்பட்டிருப்பதால், நானே அளந்துவிடத் தீர்மானித்தேன். பயணப்பெட்டியை நிறுக்கும் சுருள்வில் தராசை ஒரு படகுத்துறையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, சிலிண்டரைக் கடலுக்குள் மூழ்கவைத்து நிறுத்தேன். எஃகுச் சிலிண்டர் நிரம்பியிருக்கையில் 4.2 கிலோவும், 50 பாரில் 1.5 கிலோவும் காட்டியது. அலுமினியம் 50 பாரில் மிதந்ததால் தராசு அசையவே இல்லை. அதனோடு நான்கு கிலோ ஈயத்தைக் கட்டி இறக்க வேண்டியிருந்தது. தராசு 2.3 காட்டியது. இங்கே ஒரு நுணுக்கம்: ஈயமும் நீருக்குள் தன் எடையில் ஏறக்குறைய ஒன்பது விழுக்காட்டை இழக்கும் என்பதால், அந்த நான்கு கிலோ கடலுக்குள் 3.6 கிலோதான். ஆக அலுமினியத்தின் மிதப்பு 1.3 கிலோ. இரண்டுக்கும் இடையே 2.8 கிலோ, அதை ஈயமாக மாற்றினால் ஏறக்குறைய சரியாக மூன்று கிலோ.

சிலிண்டர் பட்டையிலிருந்த இரண்டு கிலோவை முதலில் எடுத்தேன். எஃகின் அடிப்பாகம் மேலே எழாது என்பதால் அதற்கு அங்கே வேலை இல்லை. பெல்ட்டிலிருந்து ஒரு கிலோ. மீதி ஏழு கிலோவோடு, 50 பார் மிஞ்சிய சிலிண்டரை மாட்டிக்கொண்டு, சட்டையைக் காலி செய்து, சாதாரண மூச்சில் நீர்மட்டம் கண்ணளவில் நிற்கிறதா, மூச்சை விட்டால் மெல்ல இறங்குகிறதா என்று பார்த்தேன். நின்றது, இறங்கியது. நான்கு ஆண்டுகளில் அந்த ஏழு மாறவில்லை.

உடல் சாயும் விதம் மட்டும் சரியாகச் சில வாரங்கள் ஆயின. பாரம் முதுகுக்கு ஏறிவிட்டதால், ஒரு பக்கம் சாய்ந்தால் சிலிண்டர் அந்தப் பக்கமாகவே இழுத்தது. கால் தாழ்வதைச் சரிசெய்யச் சிலிண்டரைத் தலைப்பக்கமாக ஏற்றினேன். நிமிர்ந்தால் வால்வில் இடிக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, பிறகு இரண்டு விரற்கடை இறக்கினேன். விட்டம் சற்றுக் குறைவான உருளை என்பதால் பழைய அளவில் விட்டிருந்த பட்டையும் முதல் நாள் நழுவியது. சிலிண்டரை மாற்றுகிறவர்கள் பட்டையை நனைத்து மறுபடியும் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

வெயில் காலத்தில் 3 மி.மீ. உடைக்கு அலுமினியத்தோடு ஐந்து கிலோ போட்டது எஃகோடு இரண்டாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கணக்கு எனக்குச் சற்று அச்சமூட்டுவது. ஆழத்தில் சட்டை கிழிந்தால் கழற்றி எறிய என்னிடம் இரண்டு கிலோதான் இருக்கிறது; நிரம்பிய சிலிண்டரை எறிய முடியாது. அதனால் அந்த இரண்டையும் பெல்ட்டைத் தவிர வேறெங்கும் வைப்பதில்லை; மெல்லிய உடையில் ஈயமே தேவைப்படாத அளவுக்குக் கனத்த எஃகுச் சிலிண்டரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை.

மூன்றாவது தவறு புதுச்சேரியில். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், படகில் எத்தனை கிலோ என்று கேட்டதும் யோசிக்காமல் “ரெண்டு” என்றேன். இறங்குவதற்கே குனிந்து துடுப்படிக்க வேண்டியிருந்ததை வெகுநாள் இடைவெளியின் மேல் பழி போட்டுவிட்டேன். முடிவில், ஐந்து மீட்டரில், மேலே பறந்துகொண்டிருந்த என்னை வழிகாட்டித் தம்பி சட்டைப் பட்டையில் பிடித்து நிறுத்தி, தன் பெல்ட்டிலிருந்த ஒரு கட்டியை என் பையில் திணித்து, மூன்று நிமிடமும் விடாமல் பிடித்திருந்தார். படகில் ஏறியதும், “அண்ணா, நீங்க அங்க இரும்பு சிலிண்டர் போடுவீங்களா? இது அலுமினியம்ணா, கேட்டிருந்தா அஞ்சு கொடுத்திருப்பேன்” என்றார்.

எஃகுக்குத் துரு ஒரு தொல்லை. காற்றை முழுதாகத் தீர்த்து உப்புநீரை உள்ளே விடவே கூடாது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொடுக்கும் செலவும் உண்டு. இருந்தும் மூன்று கிலோ ஈயத்தைக் காரிலிருந்து கடற்கரைவரை சுமக்காமல் நடப்பதற்காகவே இதை வைத்திருப்பேன். புதுச்சேரிக்குப் பிறகு என் குறிப்பேட்டில் எடைக்கு முன்னால் ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. எந்தச் சிலிண்டர், எந்த உடை என்று அதை நிரப்பிய பிறகே கிலோவை எழுதுகிறேன்.