மாரியம்மன் கோயிலின் பின்சுவரைக் காட்டிய கைடு

சம்பந்தி வீட்டார் ஆஸ்திரேலியர்கள். மலேசியாவில் நான் வளர்ந்த பினாங்கை அவர்கள் பார்த்ததே இல்லை. முதல் நாள் காலை லைசென்ஸ் உள்ள ஒரு கைடோடு நடைச் சுற்றுலா போகட்டும், அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனின் வரலாற்றை முறையாகக் கேட்கட்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மெல்பர்னில் இருந்தே பணம் கட்டியிருந்தேன். ஆளுக்கு 120 ரிங்கிட். விமானம், ஹோட்டல், கொடிமலை ரயில் எதிலும் குறையில்லை. அந்தக் கைடைப் பற்றித்தான் எழுதியாக வேண்டும்.

ஆர்மேனியன் ஸ்திரீட்டில் தொடங்கினார். 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால் படம் எடுக்க நீண்ட வரிசை. அந்த வெயிலில் நாங்களும் நின்றோம். அது முடிந்து இன்னொரு சுவர், அப்புறம் இன்னொன்று. நல்ல ஓவியங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விட்டது. மிச்ச நேரத்தில் பிட் ஸ்திரீட்டை ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். கப்பித்தான் கிளிங் மசூதியை வேலிக்கு வெளியே நின்று காட்டினார். கொஞ்சம் தள்ளி ஒரு சுவரைப் பார்த்துக் கையை நீட்டி, "இது இந்துக் கோயில்" என்றார். அவ்வளவுதான், நடந்துவிட்டார்.

அது மகா மாரியம்மன் கோயிலின் பின்பக்கம். கோபுரமும் வாசலும் இருப்பது குயின் ஸ்திரீட்டில். முனையில் திரும்பி நடந்தால் சில நிமிடம்கூட ஆகாது. நடை திறந்திருந்த நேரம் வேறு. சம்பந்தியம்மா என்னிடம் மெதுவாக, "சின்னக் கோயிலா?" என்று கேட்டார். 1833இல் எழுந்த, பினாங்கிலேயே பழமையான இந்துக் கோயில் அது. கப்பலில் சாமான் ஏற்றி இறக்கிய நம் ஆட்கள் கும்பிட்ட இடம். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நான் போன இடம். அதன் முதுகைக் காட்டி ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்றால் கோபம் வராதா? மெல்பர்னில் பழைய சிறைச்சாலையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள்கூட உள்ளே அழைத்துப்போய், அறை அறையாக நின்று, யார் இருந்தார்கள் என்று சொல்கிறார்கள். 1880இல் நெட் கெல்லியைத் தூக்கிலிட்ட இடத்துக்கே அத்தனை மரியாதை. நாள்தோறும் விளக்கெரியும் ஒரு கோயிலுக்கு அரை நிமிடம்!

கைடிடம் கேட்டேன். "எல்லோரும் ஓவியம்தான் கேட்கிறார்கள் அங்கிள்" என்றார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். அவனுக்கு அப்படிப் பாதை போட்டுக் கொடுத்த நிறுவனத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

மறுநாள் காலை நானே அழைத்துப்போனேன். பசியாறிவிட்டு நேராகக் குயின் ஸ்திரீட். பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கி சம்பந்தியம்மா தலையில் வைத்து, செருப்பைக் கழற்றி உள்ளே போனோம். குருக்கள் சம்பந்திகள் இருவர் பெயரையும் கேட்டு அர்ச்சனை செய்து திருநீறு கொடுத்தார். அங்கிருந்து பினாங்கு ஸ்திரீட், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழில் நடத்திய கட்டடங்கள்) இருந்த தெரு. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும் என்றேன். சம்பந்தி அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு போகும் நடைபாதையில் நின்று வெகு நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

மசூதியில்தான் எனக்கே ஆச்சரியம். வாசலில் அங்கி கொடுத்து, உள்ளே கூட்டிப்போய், கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரு தொண்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். காசு கேட்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல். சிறு வயதில் நாங்கள் வாசலோடு போனவர்கள், இப்படி யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை. அதே தெருவில் ஊதுபத்திப் புகைக்குள் குவான் யின் கோயில், அதைத் தாண்டினால் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். மசூதியும் தேவாலயமும் மாரியம்மன் கோயிலும் எழுந்த பிறகுதான், 1835இல், மெல்பர்ன் என்ற ஊரே தொடங்கியது என்று சொன்னதும் சம்பந்தி நின்றுவிட்டார். பிறந்த ஊரைப் பற்றி அவர் அப்படி யோசித்ததில்லையாம்.

மதியம் நாசி கண்டார். முன்பு தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போலத் தூக்கி வந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு. குழம்பைக் கலந்து "பஞ்சிர்", அதாவது வெள்ளமாக, ஊற்றச் சொன்னேன். விலை ஏறியிருக்கிறது, ருசி இறங்கவில்லை. கத்திரிக்காயை இரண்டாவது முறை கேட்டு வாங்கியவர் சம்பந்தியம்மா. மெல்பர்னில் இதே பெயரில் ஒன்றைத் தட்டில் தனித்தனியாக அடுக்கித் தருகிறார்கள், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

விருந்தினரை அழைத்துப்போகிறவர்கள் கோயில்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மசூதி பக்கம் வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும். கைடு வைத்தே ஆக வேண்டுமென்றால், பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: குயின் ஸ்திரீட் வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போவீர்களா என்று.