அடகுக்கடை முற்றத்தில் ஒரு காவல் கோபுரம்: பாரிஸ் மதில் நடை

பாரிஸ் நகரில் மன்னர் பிலிப் ஓகுஸ்ட் எழுப்பிய மதிலின் எச்சங்களைத் தேடிச் செல்லும் மூன்று மணி நேர வழிகாட்டி நடையொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலந்துகொண்டேன். கொடுத்த கட்டணத்துக்கு அது தகுமா என்றால், சேன் நதியின் தென்கரைப் பாதிக்குத் தாராளமாகத் தகும். வடகரைப் பாதியை யாரும் காசில்லாமல் தாமே நடந்து பார்த்துவிடலாம்.

சிலுவைப் போருக்குப் புறப்படுமுன், 1190-இல், மன்னர் வடகரையில்தான் முதலில் மதில் எழுப்பச் சொன்னார். நார்மண்டி அப்போது இங்கிலாந்து மன்னரின் கையில் இருந்ததால் ஆபத்து அந்தத் திசையிலிருந்தே எதிர்பார்க்கப்பட்டது. தென்கரையின் முறை வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. இரு முகங்களிலும் செதுக்கிய சுண்ணாம்புக்கல்லை அடுக்கி, நடுவில் உடைகல்லையும் சாந்தையும் கொட்டி நிரப்பிய இந்தச் சுவர் அடியில் சுமார் 3 மீட்டர் கனமுடையது. ஏறத்தாழ 60 மீட்டருக்கு ஒன்றாக உருண்டைக் கொத்தளங்கள், அதாவது காவல் கோபுரங்கள், வெளிப்புறம் புடைத்து நின்றன. வழிகாட்டி இதையெல்லாம் பத்தே நிமிடத்தில், தேதிகளை ஒப்பிக்காமல் சொல்லி முடித்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அடுத்த நாற்பது நிமிடங்களை வடகரையின் ழார்தேன் சேன் போல் தெருவிலேயே கழித்துவிட்டார். இரண்டு கொத்தளங்களோடு மதில் அங்கே பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரமாக வெட்டவெளியில் நிற்கிறது. அதைக் காட்ட ஆள் தேவையில்லை. சில கற்களில் கொத்தர்கள் பொறித்த அடையாளக் குறிகளை விரலால் தொட்டுக் காட்டியது மட்டுமே அங்கு அவரால் கிடைத்த இலாபம்.

என் உண்மையான குறை பிரான் பூர்ழுவா தெருவில்தான். அங்குள்ள நகராட்சி அடகு நிறுவனத்தின் முற்றத்தில் ஒரு கொத்தளம் இருக்கிறது. விளம்பரத்தில் அதன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தவர்கள், ஞாயிறன்று வாயில் சாத்தியிருக்கும் என்று சொல்லவில்லை. செவ்வாயன்று தனியே திரும்பிப் போனேன். கீழே பழைய கல். அதன்மேல் 19-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் வளர்த்த உடல். மதில் ஓடிய தடத்தை முற்றத்தின் தரையில் கல் பாவி வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் நடந்தால் நேராகக் கோபுரத்தில் போய் முட்டலாம். 1777-இல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்குப் பாரிஸ்காரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘என் அத்தை’. கைக்கடிகாரத்தை அடகு வைத்தவர் அத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று சமாளிப்பாராம்.

தென்கரையில் நடைக்கு உயிர் வந்தது. 1533-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் மதிலின் வாயில்களை இடிக்க உத்தரவிட்டு, மதிலோரத்து நிலத்தை வாடகைக்கு விடவும் இசைந்தாராயினும், மதிலை இடிக்க விடவில்லை. குடியேறியவர்கள் அதையே பின்சுவராக்கி வீடு கட்டினார்கள், அதனால்தான் அது வீடுகளின் வயிற்றுக்குள் பிழைத்துக் கிடக்கிறது என்பதை வழிகாட்டி விளக்கியது மசாரீன் தெருவின் நிலத்தடி வாகன நிறுத்தகத்தில் நின்றுகொண்டு. என் இடப்பக்கம் ஒரு சாம்பல் நிறக் கார். அதன் பின்விளக்குக்கு எட்டிப்பிடிக்கும் தொலைவில் எண்ணூறு ஆண்டுப் பழைய சுவர். குழல்விளக்கின் வெளிச்சத்தில் கல்லின் உளித்தடம்கூடத் தெரிந்தது.

கடைசி நிறுத்தம், அகழியைத் தூர்த்த இடத்தில் 1776-இல் திறந்த கூர் துய் கொமேர்ஸ் சேன் ஆந்த்ரே என்ற சந்து. அங்கே 4-ஆம் எண் கட்டடத்துக்குள் ஒரு கொத்தளம் நிற்கிறது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். சுற்றிலும் வழவழப்பான நவீனச் சுவர்கள், நடுவே யாரும் தள்ளிவைக்க முடியாத ஒரு பழைய அண்டாவைப் போல அது உட்கார்ந்திருந்தது. அடுத்த வாசல்களில் பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பத்திரிகையாளர் மாராவின் அச்சகம் இருந்ததையும், 1792-இல் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினைச் செம்மறியாடுகள் மேல் சோதித்ததையும் வழிகாட்டி ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டு மதிலுக்கே திரும்பியதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

பதிவு செய்பவர்கள் வார நாளையே கேட்டு வாங்குங்கள். நிறுத்தகத்தில் அடுத்த தளத்துக்கும் இறங்கச் சொல்லுங்கள். மதில் அங்கும் தொடர்கிறது, எங்கள் குழுவோ முதல் தளத்தோடு மேலேறிவிட்டது.