தம்பானூர்ல ஃப்ளாட் வாடகைக்கு தேடுறவங்க பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இத படிங்க, எனக்கு 65,000 போச்சு

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. திருவனந்தபுரம் தம்பானூர் பக்கம் வீடு எடுக்கப் போயி 65,000 ரூபாய ஒருத்தன் அடிச்சிட்டு போயிட்டான்.

என் பொண்டாட்டிக்கு அங்க ஸ்டேச்சு ஜங்ஷன் பக்கம் வேலை, எனக்கு மார்த்தாண்டத்துல கடை. தம்பானூர்னா ரயில்வே ஸ்டேஷனும் கேஎஸ்ஆர்டிசி ஸ்டாண்டும் எதிரெதிர, காலைல நான் கடைக்கு போக குழித்துறைக்கு ட்ரெயின் ஏறிரலாம், அத விட்டா நாகர்கோவில் பஸ்சு, சாமான் வாங்க சாலை மார்க்கெட்டு நடக்குற தூரம். எல்லாருக்கும் அந்த ஏரியாதான் வேணும், நல்ல வீடு வந்தா சாயங்காலத்துக்குள்ள போயிரும், அந்த அவசரத்த வச்சுதான் இவனுங்க பொழப்பே ஓடுது.

வீடு வாடகைக்கு விடுற ஒரு ஆப்ல விளம்பரம் பாத்தேன், பேரு சொல்ல விரும்பல, வெரிஃபைடுனு பச்ச டிக்கு வேற போட்டிருந்தான். போன் எடுத்தவன் நாகர்கோவில் தமிழ்ல "வாங்கண்ணே, நம்ம ஊருக்காரங்களுக்கு குடுத்தா மனசுக்கு சமாதானம்"னான். சாவி அவன் கைலதான் இருந்துச்சு. கதவ தொறந்து கிச்சன்ல பைப்ப தொறந்து விட்டு "வாட்டர் அதாரிட்டி தண்ணிண்ணே, நிக்கவே நிக்காது"னு காட்டுனான். பெட்ரூம் கதவு நெலைல பென்சில்ல கோடு கோடா இருந்துச்சு, கொழந்த ஒயரம் அளந்தது, அத வெரலால தடவி "எம்மவன் வளந்த வீடுண்ணே, சொவத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க"ன்னான் பாருங்க, என் பொண்டாட்டிக்கு கண்ணே கலங்கிருச்சு, இதுக்கு மேல யாரு சந்தேகப்படுவா. மூணு மாச அட்வான்ஸ் 45,000, மொத மாச வாடகை 15,000, மெயின்டனன்ஸ் டெபாசிட்டு 5,000. ஜிபேல வேற பேரு வந்துச்சு, கேட்டா வைஃப் அக்கவுண்ட்டாம்.

டெம்போல சாமானோட களியக்காவிளை பார்டர் தாண்டி போயி எறங்குனா வாசல்ல இன்னொரு குடும்பம் கட்டில் மெத்தையோட நிக்குது! அவங்ககிட்டயும் வாங்கியிருக்கான். செக்யூரிட்டி சாவகாசமா "அது டெய்லி ரென்ட் பார்ட்டியாணு சாரே, காலி பண்ணி போயி"ங்குறாரு, அதாவது அவனே நாள் வாடகைக்கு எடுத்திருந்தவனாம். நெஜ ஓனர் கத்தார்ல இருக்காராம், அந்த பென்சில் கோடெல்லாம் அவரு புள்ளைங்களோடது.

ஆப்காரனுக்கு போன் அடிச்சா "நாங்க பிளாட்ஃபார்ம் மட்டும்தான் சார், பேமென்ட் எங்க வழியா பண்ணலையே"ங்குறான். அப்போ அந்த பச்ச டிக்கு எதுக்குடா? நம்பர வெரிஃபை பண்ணதாம், வீட்ட இல்லையாம். அங்க போலீஸ் ஸ்டேஷன்ல புகார தமிழ்நாட்டுல போயி குடுங்கனாங்க, இங்க வந்தா சம்பவம் நடந்த எடத்துல குடுங்கங்குறாங்க. பேங்க்ல நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்புனதுதானேங்குறாங்க. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிச்சதுல புகார் நம்பர் மட்டும் கெடச்சிருக்கு. 65,000 ரூபா, கடைல எத்தன மாச லாபம் தெரியுமா.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப மண்ட ஓடல. கார்ப்பரேஷன் ஓனர்ஷிப் சர்ட்டிபிகேட்டும் கரண்டு பில்லும் கேளுங்க, அதுல இருக்குற பேருக்குதான் பணம் போகணும். அசோசியேஷன் செக்ரட்டரிய பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க. ஏமாந்துட்டா அடுத்த நிமிஷமே 1930, லேட் பண்ணா பணத்த வேற அக்கவுண்டுக்கு மாத்திருவான்.

அதே போட்டோவ போட்டு இப்ப திருவனந்தபுரத்துலயே வழுதக்காடு ஏரியான்னு இன்னொரு விளம்பரம் ஓடிக்கிட்டு இருக்கு. பால்கனில நீலக் கொடிக்கயிறும் ஒடஞ்ச பிளாஸ்டிக் சேரும் தெரிஞ்சா அந்த வீடேதான், போன் பண்ணாதீங்க.