சாட்ஸ்வர்த் ஆதிச் சபை வரலாற்று வகுப்பு: நாஸ்டிக் பாடம் எப்படி?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் இந்த வகுப்பின் உயிரே நாஸ்டிக் பாடம்தான். இரகசிய ஞானத்தால்தான் இரட்சிப்பு என்று நம்பிய ஆதிக் குழுக்களே நாஸ்டிக்குகள். அதற்காகவே சேரலாம்.

நாஸ்டிக்குகளின் 'யோவானின் இரகசிய நூல்' ஒரு பக்கம், ஆதியாகமம் 2, 3 அதிகாரங்கள் மறுபக்கம் என்று அச்சிட்டுக் கொடுத்து வரிவரியாக வாசிக்கிறார்கள். இந்த இரகசிய நூலில் உலகைப் படைத்தவன் அறியாமை பிடித்த யால்தபாவோத். "நான் எரிச்சலுள்ள தேவன், என்னையன்றி வேறொருவன் இல்லை" என்கிறான். வேறொருவர் இல்லையென்றால் யார்மேல் எரிச்சல் என்று நூலே மடக்குகிறது! இந்த ஓரிடத்தில் நின்று நிதானமாகப் பேசவிடுகிறார்கள்; அருமை.

அடுத்து, சுமார் கி.பி. 180இல் சபை ஆயர் இரேனியஸ் நாஸ்டிக்குகளுக்கு எதிராக எழுதிய மறுப்பின் முதல் புத்தகம், 29ஆம் அதிகாரம். இதே நூலின் முற்பகுதிக் கதையை அவர் சுருக்கித் தருகிறார். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் இந்த நூலும் அடங்கிய காப்டிக் (பழைய எகிப்திய மொழி) சுவடிகள் கிடைக்கும்வரை, நாஸ்டிக்குகளைப் பற்றி உலகம் பெரும்பாலும் எதிராளிகள் வாயால்தான் அறிந்திருந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் இரேனியஸ் எங்கே நேர்மையாகச் சொல்கிறார், எங்கே கேலி செய்கிறார் என்பது புரியும்.

குறைகளும் உண்டு. இரகசிய நூலை எந்தச் சுவடியிலிருந்து எடுத்தார்கள் என்று தாளில் குறிப்பு இல்லை. நாக் ஹம்மாதி 2ஆம் சுவடியில் இருப்பது நீண்ட வடிவம், 3ஆம் சுவடியில் குறுகியது. சொந்தப் பிரதி கொண்டுவருபவர் திண்டாடுவார். இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோனை வகுப்பில் நாஸ்டிக்குகளோடு சேர்த்துவிட்டது சரியில்லை. அவர் பழைய ஏற்பாட்டுக் கடவுளைத் தள்ளினார், ஆனால் இரட்சிப்புக்கு இரகசிய ஞானம் கேட்கவில்லை. புதிய ஏற்பாட்டுப் பட்டியலை கி.பி. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் முடிவுசெய்தது என்று வகுப்பில் சொல்வதும் தவறு. அந்த 27 நூல்களும் அப்படியே வருவது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் 367ஆம் ஆண்டுக் கடிதத்தில். இந்த இரண்டையும் கட்டாயம் திருத்த வேண்டும்.

தமிழ் வாசிக்கத் தடுமாறுபவர்களுக்கு ஆங்கிலத் தாளும் தருகிறார்கள்.