வெள்ளவத்தைத் திருத்தகமும் அச்சாகாத கணினியும்

விண்டோஸ் 11 தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட மறுநாளிலிருந்து, எங்கள் வீட்டுக் கணினியில் கொடுக்கும் எந்தக் கோப்பும் அச்சாகாமல் வரிசையிலேயே தேங்கி நின்றது. நீக்கச் சொன்னால் ‘நீக்கப்படுகிறது’ என்று மணிக்கணக்காகக் காட்டியதே தவிர, ஒன்றும் நீங்கவில்லை. மூன்று இரவுகள் கேபிளை மாற்றியும் அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளான டிரைவரை மீள நிறுவியும் களைத்த பின், கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள ஒரு திருத்தகத்துக்கு முச்சக்கர வண்டியில் அதைக் கொண்டுசென்றேன்.

மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால், கணினியை இயக்கியும் பாராமல், விண்டோஸை முழுவதுமாக அழித்து மீள நிறுவ வேண்டும், 4,500 ரூபா ஆகும் என்றார்கள். மகளின் உயர்தரப் பரீட்சைப் பாடக்குறிப்புகள் என்னவாகும் என்று கேட்டதற்கு, “அதை முதலே பென் டிரைவில எடுத்து வச்சிருக்கலாமே, அண்ணா” என்பதே பதில். கணினியைத் திருப்பி எடுத்துவந்துவிட்டேன்.

வீட்டில் நானே, அச்சு வரிசையைக் கவனிக்கும் ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்னும் சேவையை நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையினுள் ‘ஸ்பூல்’, அதனுள் ‘பிரின்டர்ஸ்’ என்ற இடத்தில் சிக்கியிருந்த கோப்புகளை மட்டும் நீக்கி, சேவையை மறுபடி தொடக்கியதும் அச்சுப்பொறி இயங்கியது. ஐந்து நிமிட வேலை. குறிப்புகளில் ஒன்றுகூடப் போகவில்லை. திருத்தகத்தார் ‘பரிசோதனைக் கட்டணம்’ என்று வாங்கிய 1,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டை மட்டும் ஒழுங்காகத் தந்திருந்தார்கள். அதைத்தான் முதலில் அச்சிட்டுப் பார்த்தேன்.